சத்தம் காணாது

ஓல்ட்டன். ஞாயிறு. நிலத்தடித் தரிப்பிடம், இலக்கம் பதினேழு.
மேலே நாலு மாடி.
தொட்டியில் ஒரு வெறும் போத்தல் விழுந்தாலும்
கடிதம் வருகிற நாள்.

சுகிர்தன் ஸ்கோடாவின் பின்கதவைத் திறந்து வைத்திருக்கிறான்.
எரிந்த வூஃபரின் மணம் இன்னும் போகவில்லை,
அரக்கும் தலைமுடியும் சேர்ந்து கருகினாற்போல.
இந்த வருடத்தில் மூன்றாவது.
"நல்ல கொம்பனிதான் அக்கா. ஆனா சத்தம் காணாது.
அதுதான் கெயினைக் கொஞ்சம் திருகினனான்."

கொஞ்சம் என்பது
திருகு போய் முட்டி நிற்கும் இடம்.

கிழமை நாட்களில் நான்
மற்றவர்களின் அளவுகருவிகளைச் சரிபார்க்கிறவள்.
கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன்:
பற்றரியில் ஓடும் அலைகாட்டி,
ஒரு மல்டிமீட்டர்,
அலுமினிய உடுப்புப் போட்ட நாலு ஓம் தடை, உள்ளங்கையளவு.
வூஃபருக்குப் போகும் வயர்களைக் கழற்றித் தடையில் மாட்டினேன்.
இனி முந்நூறு வாட்டும் வாய் திறக்காமல்
சூடாய் இறங்கும்.

"அப்ப ஒண்டும் கேக்காதோ?"
கேட்காது. பார்க்கலாம்.

ஐம்பது ஹெர்ட்ஸ்.
முதலில் றேடியோவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.
நாற்பது, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு,
அலை வழுவழுவென்று ஏறி இறங்குகிறது.
ஐம்பத்துநாலில் உச்சி மெல்லத் தட்டையானது,
முகடு இருந்த இடத்தில் மொட்டை மாடி.
"நீ எதிலை வைச்சுக் கேட்டனீ?"
"அறுபத்திரண்டு."
அதற்கு மேல் அந்த றேடியோவில் எண்ணே கிடையாது.

ஆம்ப் பாவம்.
மொட்டையைக் கொடுத்தால் மொட்டையைத்தான் பெருக்கும்.

போதாததையெல்லாம் காணாது என்கிற பாஷைக்காரன்
சத்தத்தை இன்றைக்குத்தான் கண்டான்.
குனிந்தவன் நிமிரவில்லை.

ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன். பாஸ் பூஸ்ட் பூச்சியம்.
கெயின் முழுக்க இடப்பக்கம்; பிறகு
நகக்கண் அளவு, நகக்கண் அளவாக வலம்.
கணக்கு அவனுடைய கைப்பேசியில்:
முந்நூறை நாலால் பெருக்கு, வர்க்கமூலம் எடு,
முப்பத்துநாலு புள்ளி ஆறு வோல்ட்.
மீட்டர் முப்பத்தொன்றில் நிற்கும்போதே
திரையில் தலை மழிந்துவிட்டது.
எஞ்சின் ஓடினால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.
ஆனால் இது ஞாயிறு.
இருபத்தொன்பதில் விட்டேன்.
தடையைத் தொட்டுப் பார்த்து விரலை உதறினான்.

அப்போதுதான் திருமதி ஏஷ்லிமன் இறங்கி வந்தார்,
மூன்றாம் மாடி, வீட்டுச் செருப்பு,
போன புதன்கிழமைக் கடிதத்தின் கையெழுத்து.
நின்றார். காது கொடுத்தார். பிடிக்க ஒன்றும் இல்லை.
"என்ன நடக்கிறது இங்கே?"
"சத்தம் வைக்கிறோம்" என்றான் சுகிர்தன்,
இந்த ஊர் ஜெர்மனில், பணிவாக.
அவர் பச்சைக் கோட்டை எட்டிப் பார்த்தார்.
"என் சன்னலை ஆட்டுவது இதுவா?"
இதுதான்.
ஒற்றை விரலால் அந்த வளைவைக் காற்றில் வரைந்தார்.
"இரவில் இதைவிடப் பெரியது"
என்றுவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

புது வூஃபரை மாட்டி ஆரே ஆற்றுப் பாலம் தாண்டி ஓடினோம்.
ஒவ்வொரு அடியும் தனியே விழுந்து தனியே எழும்பியது.
இரண்டு சந்தி வரை பேசாமல் இருந்தான்.
"துப்பரவாத்தான் இருக்கு. ஆனா அக்கா..."
சொல்லாதே என்றேன்.

ஆய்வுகூடத்தில் சரிபார்த்த திருகுக்கு முத்திரை வைப்போம்.
என்னிடம் இருந்தது சிவப்பு நகப்பூச்சு.
கெயினின் பிளவுக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு சொட்டு.

மூன்று கிழமை கழித்து
ரயிலடியில் என்னை ஏற்ற வந்தான்.
கதவைத் திறந்ததும் மூக்குக்கு விளங்கிவிட்டது.
நான் கேட்கவே இல்லை, அவனாகக்
கம்பளத்தை உயர்த்தி லைட் அடித்தான்:
"பாருங்கோ, தொடேல்லை."
உண்மைதான். சிவப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

பக்கத்தில்
நான் பூச மறந்த பாஸ் பூஸ்ட்
பன்னிரண்டு டெசிபெல்லில் முட்டி நின்றது.