கை மாறும் இடம்

தாண்டிக்குளத்தில் பற்றரியைப் பறித்தார்கள்.
சவுக்காரம் ஆறில் நாலைப் பறித்தார்கள்.
கசெற்றை ஒரு சிப்பாய்
தன் ரேப்பில் போட்டுக் கேட்டான்.
முகத்தைச் சுளித்தான்.
பிறகு தன்னை அறியாமல்
இரண்டு தரம் தலையை ஆட்டினான்.
திருப்பித் தந்துவிட்டான்.

அட்டை இல்லை.
நீலப் பேனையால் ‘லைவ், 84’
ஜேர்மனியில் யாரோ எழுதினது.
எந்த ஊர் மேடை, ஆர் கத்துகிறது,
கொண்டுவந்த பயஸுக்கும் தெரியாது.

மல்லாவியில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோவில் வயர் கொளுவி
கையால் பெடல் சுற்றினோம்.
முதல் பாட்டின் முதல் டிரம்முக்கே
பக்கத்துக் கொட்டில் சனம்
பங்கருக்குள் இறங்கிவிட்டது.
“இதுக்கோடா இறங்கினனான்” என்று
மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி வந்த
புஷ்பமலர் அக்காவின் ஏச்சு
அடுத்த பாட்டைவிட நீளம்.

கை ஓய்ந்தால் பாடுகிறவன் கிணற்றுக்குள் போவான்.
உன்னினால் மேலே வருவான்.
மூன்றாம் பாட்டில் கிற்றார்க் கம்பி அறும்.
ஒருவன் சிரிப்பான், ஒருவன் தூஷணம் சொல்வான்
(தூஷணம்தான், எந்தப் பாஷையிலும் தெரியும்).
பாட்டு முடிய ஆயிரம் பேர் கத்துவார்கள்.
நாங்கள் ஐந்து பேர்.
சுகிர்தன் எழும்பி நின்று
அந்த ஆயிரத்துக்குள் தானும் கத்துவான்,
அங்கே நின்றவன் மாதிரி.

போன கிழமை, கிளிநொச்சியில்,
கரண்ட் நிற்காத ஒரு இரவில்
போனில் அதைக் கண்டுபிடித்தேன்.
அந்தக் கம்பியை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
என்ன வேகம்!
எங்கள் கை ஒருநாளும்
அவ்வளவு வேகம் சுற்றினதில்லை.
ஆறு நிமிடப் பாட்டு
நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“இதுதான்ரா சரியான வேகம்,
நாங்கள் கேட்டது பிழை” என்றான் பயஸ்,
ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டு.
மீதி இரண்டு நிமிடம் எங்கே என்று
அவனிடம் கேட்கவில்லை.
சுகிர்தனைப் பற்றி
நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

போனில் வேகத்தை முக்காலாகக் குறைக்கலாம்.
குறைத்தேன்.
குரல் கிணற்றுக்குள் போகவில்லை,
தடித்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் பாட்டில், கம்பி அறுந்த பிறகு,
சுகிர்தன் பெடலை விட்டு நான் பிடிக்கிற இடத்தில்
ஒரு குழி விழும்.
பாட்டு அதில் இறங்கி ஏறும்.
அந்த இடத்தில்
கையை நீட்டிக்கொண்டு இருந்தேன்.
பாட்டு நேரே போய்விட்டது.