எட்டரை அடி

செம்மண்டலம் ஷோரூமில்
மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள்.
ஐம்பது குதிரை, நாலு சக்கரத்துக்கும் இழுவை,
நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏசி.
"ஏறி உட்காருங்க மேடம்" என்றான் கலைச்செழியன்.
கதவைச் சாத்தினேன்.
சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன்
கிணற்றில் விழுந்த தவலைபோல
ஒரு முழுக்கோடு அடங்கியது.
என் மூச்சு எனக்குக் கேட்டது.
விலையில் பாதி
இதற்குத்தான் போலிருக்கிறது.

முந்திரிக்கு மருந்தடிக்க வேண்டும்.
பலாக்கன்றுகளுக்குத் தண்ணீர் டேங்கர்,
வரிசை நடுவே ரோட்டவேட்டர்,
காய்ந்த கிளைகளைக் களத்துக்கு இழுக்க ஒரு டிப்பர்.
ஒன்பது ஏக்கருக்கு இது அதிகம் என்கிறான் தம்பி,
பெருங்குடியில் பத்தாவது மாடியிலிருந்து.
நாற்பத்தைந்தில் ஒன்று பார்த்தேன்;
திரும்ப இடம் குறைவாகக் கேட்கும், ஆனால்
டேங்கர் நிறைந்தால் ஓடைக்கரை மேட்டில் முக்கும்.

"உயரம் எவ்வளவு?"
புத்தகத்தைப் புரட்டினான்.
எத்தனை கிலோ தூக்கும் என்று இருந்தது.
எத்தனை லிட்டர் கொள்ளும் என்று இருந்தது.
பாட்டுக் கேட்க எத்தனை ஸ்பீக்கர் என்றுகூட.
உயரம்
கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்:
எட்டரை அடி.

காடாம்புலியூர் வந்ததும் மூங்கில் ஒன்றை நறுக்கி
டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால்
தரையிலிருந்து சரியாக எட்டரை அடி வர
நட்டுக்குத்தலாகக் கட்டினேன்.
"எந்தக் கட்சிக் கொடி அக்கா?"
கொட்டை பொறுக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
முதல் கியரும் இல்லாத வண்டி,
செம்மண்ணில் அரக்கி அரக்கி நுழைந்தது.

தானே புயல் படுக்கப்போட்ட மரங்களின் குழியில்
மறுபடி நட்டவை இவை.
காற்றுக்குப் பயந்து உயர விடவில்லை நான்.
நுனி கிள்ளிக் கிள்ளி
பக்கவாட்டில் படரச் சொன்னேன்.
சொன்னபடி கேட்டிருக்கின்றன.

மூன்றாம் வரிசையில் முதல் இடி.
முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒன்று,
தலையெல்லாம் பூ.
இறங்கிக் கிளையில் சுண்ணாம்பு தடவினேன்.
அடுத்ததில் இரண்டு.
ஓடைப்பக்கம் போகப் போக
எண்ணுவதற்குள் அடுத்தது.
மொத்தம் நாற்பத்தொன்று.

அஞ்சாபுலியைக் கேட்டேன், ஓட்டப்போவது அவர்தானே.
"கண்ணாடிக்குள்ள குந்திக்கிட்டா
கிளை முறியற சத்தம் காதுல விழாதே" என்றார்.
கொஞ்சம் கழித்து, வேறு எதையோ பார்த்துக்கொண்டு,
"மருந்தடிச்சா ரெண்டு நாளைக்குச் சோறு கசக்கும்."
பதினோரு வருஷமாய் ஓட்டுகிறார்.
அந்தக் கண் சிவப்பைச்
சாராயம் என்று நினைத்திருந்தேன்.

இரவு கலைச்செழியன் போன் செய்தான்.
மாசக் கடைசி, சலுகை முடிகிறது.
"மரத்தைக் கொஞ்சம் வெட்டிக்கிட்டா போச்சு மேடம்."
வெட்டுவது சுலபம்தான்.
ஒவ்வொரு சுண்ணாம்புக் கோடும் இத்தனை கிலோ கொட்டை என்று
காலண்டர் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
மறுபக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்
'சோறு' என்று மட்டும் எழுதினேன்.

காலையில் இருவரும் ரம்பத்தோடு போனோம்.
காய்க்காத கிளை பதினாறு, இறக்கினோம்.
கவட்டைக் கம்பு முட்டுக் கொடுத்து
ஒன்பதைத் தூக்கி நிறுத்தினோம்.
மீதியெல்லாம் பூவும் பிஞ்சுமாக இருந்தன.
ஆடியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
கேபின் வண்டியே போடச் சொல்லிவிட்டேன்,
ஆடியில் எடுத்துக்கொள்வதாக.
சலுகை போனால் போகட்டும்.
இந்தப் பூவுக்கு மட்டும் பழைய வண்டி,
அஞ்சாபுலிக்கு ஒரு முகமூடி.
அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான்
அடிக்கப்போகிறார், தெரியும்.

கடன் காகிதத்தில் கையெழுத்துப் போடப்
பண்ருட்டிக்குப் போனேன்.
பேங்க் வாசல் டீக்கடையில் நிறுத்தும்போது
தார்ப்பாய் டர்ரென்று கிழிந்து
நேற்றைய மழைத்தண்ணீர் முழுக்கத் தலையில்.

கம்பை அவிழ்க்கவே இல்லை.
நாற்பத்திரண்டு.