ஒரு புசல் காற்று

பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்.
கொழும்பில் கழற்றியது என்றான் விற்றவன்,
யாருடைய காரில் என்று சொல்லவில்லை.
காந்தத்தின் முதுகில் பாதி கிழிந்த தாள்:
மூடிய பெட்டி, முப்பத்தாறு லீட்டர்.

முப்பத்தாறு லீட்டர் என்றால் எவ்வளவு பெரிசு?
டீசல் கணக்கில் யோசித்தேன், வேனின் டாங்கிதான் ஞாபகம் வந்தது.
ஹிதாயா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்:
"ஒரு புசல்."
சம்மாந்துறையில் மூன்று மில்லுக்குக் கணக்கெழுதுகிறவள்.
காற்றையும் நெல்லாகத்தான் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து முனாஸ் வந்தான்.
அலுமாரிக் கடையில் மிஞ்சிய எம்டிஎப் பலகை,
தடிப்பு முக்கால் அங்குலம்.
பதினைந்து, பதினாலு, பத்தரை.
போனில் பெருக்கினோம். சரியாக வந்தது.
அப்படிச் சரியாக வந்ததிலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆணி அடித்து, நூல் கட்டி, பென்சிலால் வட்டம்.
வாள் அந்த வட்டத்தை மதிக்கவில்லை.
கோழிமுட்டை என்றேன் நான்.
றப்பர் வைத்தால் தெரியாது என்றான் முனாஸ்,
தாடி, புருவமெல்லாம் பலகைத் தூளோடு,
ஒரே பின்னேரத்தில் அறுபது வயசாகி.

இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் இரண்டுதான்.
மற்றப் பக்கங்களுக்கு
மண்டபத்தில் கிடந்த நெல் மூட்டைகளைத் தூக்கி வைத்தோம்.
இரவு முழுக்கப் பசை காய்ந்தது, மூட்டையின் பாரத்தில்.

விடிய, ஹிதாயா அதில் ஒன்றின் வாயை அவிழ்த்தாள்.
"அளந்து பாப்பம்."
பெட்டியை மல்லாத்தி, அந்த முட்டை வட்டத்துக்குள்
சுண்டு சுண்டாய்க் கொட்டினாள்.
புசலில் மூன்றில் ஒன்று இன்னும் வெளியே இருக்க
நெல் விளிம்புக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

"பலகைட தடிப்பக் கழிச்சயளா?"

முனாஸ் கிணற்றைப் பார்த்தான்.
நான் முனாஸைப் பார்த்தேன்.

"வீட்டக் கட்டிப்போட்டு செவருக்குள்ளயா படுக்கிற?"

போதாததற்கு, கீழ் மூலையிலிருந்து
ஒவ்வொரு மணியாய் நெல் வெளியே வந்துகொண்டிருந்தது,
பள்ளிக்கூடம் விட்டதுபோல அவசரமில்லாமல்.
காற்று அங்கேயும் போகும் என்று
நெல்லே காட்டித் தந்தது.
அந்த மூலைக்கு ஒரு டியூப் சிலிக்கோன் முழுதாய்ப் போனது.

வேறு பலகை வாங்கக் காசில்லை.
"பஞ்சடைச்சா
தான் பெருசெண்டு பெட்டி நெனச்சிக்கும்" என்றான் முனாஸ்.
எங்கேயோ கேட்டிருக்கிறான், ஆனால் அது உண்மைதானாம்.
"என்ட தலகாணியத் தொடப்படா" என்றாள் அவள்.
என்னுடையதை வெட்டினோம், நல்ல இலவம் பஞ்சு.
மூன்று இரவு சாரனை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தேன்.

பிறகு றெக்சின், பதினாறு ஸ்க்ரூ,
வேனின் பின் சீற்றுக்கு அடியில் இரண்டு பட்டி.
மல்வத்தைக்குப் போகிற றோட்டில்
இரண்டு பக்கமும் வயல், வீடில்லாத இடமாய்ப் பார்த்து
குமிழைத் திருகினேன்.

காதுக்கு முதலில் ஒன்றுமில்லை.
முள்ளந்தண்டுக்குத்தான் சேதி வந்தது.
ஹெட்லைட் ஒவ்வொரு அடிக்கும் கண்ணிமைத்தது,
கண்ணாடியில் பின்றோடு தண்ணீர்போல் ஆடியது,
வரம்பில் நின்ற எருமை ஒன்று
மேய்வதை விட்டுவிட்டு எங்களை விசாரித்தது.
முனாஸ் சிரித்தான், சிரிப்பும் நடுங்கி நடுங்கி வந்தது.
ஹிதாயா ஒன்றும் சொல்லவில்லை,
அவளுடைய செருப்பு மட்டும் தாளம் போட்டது.
அதை நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பள்ளிவாசலடியில் குறைத்தோம்.
தாண்டியதும் கூட்டினோம்.
அப்போதுதான் அந்தச் சத்தம்:
அடி மிகத் தாழ்ந்து இறங்கும் இடத்தில் மட்டும்
கிர்ர், என்று.
வயரா? நம்பர்த் தகடா?
நிறுத்தி, தட்டி, காதை வைத்துக் கேட்டோம்.
பஞ்சுக்குள் சிக்காமல் தப்பிய
ஒரேயொரு நெல்.

பதினாறு ஸ்க்ரூவையும் நினைத்துப் பார்த்தேன்.

"கிடக்கட்டும்" என்றான் முனாஸ்,
"மாரிக்கு மொளச்சாலும் மொளைக்கும்."

"மொளைக்காது" என்றாள் ஹிதாயா,
கதவை இழுத்துச் சாத்தி.
"அவிச்ச நெல்லு."