சிவப்பு என்று எழுதியிருக்கிறது

சோல்வெய்,
நீ அனுப்பிய புத்தகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
மழை நாள், வரிசையில் ஆளில்லை, உட்கார்ந்து எண்ணினேன்.
என் நிறத்தில் ஒன்பது.
அந்த ஒன்பதில் ஆறு, பால்வினை நோய்.

பக்கத்துக்குப் பக்கம் 'சிவந்திருக்கும்' என்கிறது.
கரோங்காவில் தோல் சிவப்பதில்லை.
நாவல்பழம் நசுங்கினாற்போல் ஊதாவாகும்,
சாம்பல் பூக்கும்,
சில நேரம் கறுப்பே கொஞ்சம் கூடுதல் கறுப்பாகும்.
நான் கண்ணால் தேடுவதில்லை.
புறங்கையை வைத்துப் பார்ப்பேன்.
எங்கே சுடுகிறதோ அங்கே சிவப்பு.

இதைச் சொன்ன வியாழக்கிழமை
நீ வெகுநேரம் பேசவில்லை.
நெட்வொர்க் போய்விட்டதென்று போனைத் தட்டினேன்.
போகவில்லை.
எழுதிக்கொண்டிருந்தாய்.

படிவத்தில் உன் பெயருக்கு நேரே வழிகாட்டி,
என் பெயருக்கு நேரே பயில்பவர்.
உன்னைவிட எனக்குப் பத்தொன்பது வயது கூடுதல்,
அது கிடக்கட்டும்.
மழுங்கின பிளேடால் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெயில்
சொறிப் பூச்சியைப் பிடிக்கக் கற்றுத் தந்தது நீதான்.
தோலுக்குள் அது தோண்டிய கோட்டின் கடைசியில்
ஒரு முற்றுப்புள்ளி இருக்கும், அங்கே சுரண்டு என்றாய்.
இருபத்தாறு வருடம் அந்த வாக்கியத்தை
முற்றுப்புள்ளி பார்க்காமலே படித்திருக்கிறேன்.

பிறகு ந்யாகொண்ட்வே வந்தாள்,
ஏரிக்கரையில் உசிபா மீன் காயவைப்பவள்.
முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அளவு வெளிறிய திட்டு.
தேமல் என்று நீ நினைத்தாய்.
நானும் அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.
அவளோ பெருமையாகச் சொன்னாள்:
"இந்தக் கையை நெருப்பு ஒன்றும் செய்யாது.
கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்குவேன்.
பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு வயிற்றெரிச்சல்."

அவள் கண்ணை மூடச் சொல்லி
பஞ்சைத் திரித்துத் திட்டில் தொட்டேன்.
"எப்போது தொடுவாய்?" என்றாள்.
தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நீ கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பினாய்.
பெர்கனில் இந்த நோய்
அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றாய்.
பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள்,
டிக்கெட் வாங்கிப் பார்த்தேன், வெறும் கட்டில்கள்,
உயிருள்ள கையில் பார்த்ததே இல்லை, திவோங்கே,
நரம்பை எப்படித் தொட்டுப் பார்ப்பது?

முழங்கையை மடக்கு என்றேன்.
உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம்.
விரலை அதில் போட்டு உருட்டு.
அங்கே நீ உன் முழங்கையை,
இங்கே நான் என்னுடையதை,
விளையாட்டென்று நினைத்து ந்யாகொண்ட்வே தன்னுடையதை.
உனக்கும் எனக்கும் சணல் தடிமன்.
அவளுக்கு வலைக்கயிறு.
தோலிருக்கச் சுளை விழுங்கியிருந்தது
அந்தத் திருட்டுக் கிருமி.

பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு அட்டை.
மாத்திரை தோலைக் கறுப்பாக்கும் என்று
சொல்லச் சொன்னாய், சொன்னேன்.
"கறுக்க இன்னும் இடம் இருக்கிறதா என்ன?"
வராந்தா முழுக்கச் சிரித்தது.
மடங்கிவிட்ட சுண்டுவிரல் இனி நிமிராது என்பதை
நீ சொல்லச் சொல்லவில்லை.
அதையும் சொன்னேன்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் கேட் திறக்கும் முன்பே வந்து நின்றாள், நடுக்கத்தோடு.
"சிறுநீர் ரத்தமாகப் போகிறது."
ரத்தமில்லை அம்மா, மருந்து.
மாதத்தின் முதல் நாள் மாத்திரை அப்படித்தான்.
புத்தகக்காரர்கள் அடுத்த பதிப்பு போட்டால் சொல்:
கரோங்காவில் சிவப்பைக் கண்ணால் கண்டது
ஒரே ஒரு தடவை, கழிவறையில்.

இந்த வியாழன் மின்சாரம் இருக்காதாம்.
புதனன்று கூப்பிடு.
ஒரு பையன், இரண்டு காதுக்குப் பின்னாலும் ஏதோ.
படம் எடுத்து வைத்திருக்கிறேன்,
வெளிச்சம் போதவில்லை, ஒன்றும் தெரியாது.
ஆனால் சுடுகிறது.