ஒழுக்கு

இடவப்பாதி தொடங்கி மூன்றாம் நாள்
படுக்கையறை வடக்கு மூலையில் ஒரு நனைவு.
முதலில் ஒரு ரூபாய் அளவு,
பிறகு தோசை,
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தால்
விளவங்கோடு தாலுகா வரைபடம்.

பத்திரம் பதிந்து ஐந்து மாதம்.
தவணை இன்னும் நூற்றெழுபத்தைந்து.
வாடகைக்கு இருந்த நாளில்
சுவர் ஈரமென்றால் வீட்டுக்காரருக்கு ஒரு போன்.
இப்போது வீட்டுக்காரரைக் கூப்பிட்டால்
என் கைப்பையில்தான் மணி அடிக்கும்.

களியக்காவிளை ஹார்டுவேர் கடையில்
மூன்று டப்பா எடுத்து வைத்தார்கள்.
ஒன்றில் யானை, ஒன்றில் குடை,
ஒன்றில் மழை நனையச் சிரிக்கும் குடும்பம்.
சிரிக்கும் குடும்பத்தை வாங்கினேன்.
கொத்தன் நாளைக்கு என்றான்.
எந்த மாநிலத்துக் காலண்டரில் பார்த்துச் சொன்னானோ.

சர்ச்சு ஏணியைச் சுமந்து வந்து
நைட்டியை மடித்துக் கட்டி
வார்ப்பின் மேல் குத்துக்காலிட்டுத்
தேய்த்தேன், பூசினேன்.
காயும் முன்னே பாறசாலைப் பக்கமிருந்து வந்தது
மழை.
செக்போஸ்டில் அதை மட்டும்
யாரும் கைகாட்டி நிறுத்துவதில்லை.

மழையோடு கூட வந்தவன் சஜீவன், பிளம்பர்.
கண்ணாடி போட்ட பெண்கள் எல்லாரும் அவனுக்கு டீச்சர்;
நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள்.
சுவரில் காதை வைத்துக் கேட்டான்.
"வெள்ளம் கேறுத எடம் வேற டீச்சரே,
எறங்குத எடம் வேற.
பொட்டிச்சாத்தான் அறிய ஒக்கும்."

பொட்டித்தான்.
உளியை வாங்கி நானும் நாலு அடி அடித்தேன்.
என்னுடையதை நான் உடைக்க
யாரிடமும் கேட்க வேண்டாம் என்பது
மணிக்கட்டில் ஒரு நடுக்கமாக வந்தது.

உள்ளே குழாய்.
அதைச் சுற்றி சைக்கிள் டியூப் துண்டு,
அதன்மேல் செம்புக்கம்பி, பதினோரு சுற்று,
அதன்மேல் மெழுகு,
எல்லாவற்றுக்கும் மூடியாக
நீல சோப்புப்பெட்டியின் பாதி.

ஐந்து மாதமாக நான் ஏசாத நாளில்லை
விற்றுவிட்டுப் போன ஞானதாசனை.
குளிமுறி சுவிட்சு தலைகீழ்,
கீழே தட்டினால் அணைகிறது, மேலே தட்டினால் எரிகிறது.
சன்னலோ மழையை மணத்தாலே பூட்டிக்கொள்கிறது.
மனுஷன் எல்லாவற்றையும்
வெள்ளையடித்து மறைத்துவிட்டான் என்று.

பதினோரு சுற்று.
மறைக்க நினைத்தவன்
மூன்றோடு நிறுத்தியிருப்பான்.
டியூபைத் தொட்டுப் பார்த்தேன்,
உலர்ந்திருந்தது.

போன் போட்டேன். நெய்யாற்றின்கரையில்
மகனுடைய ஃப்ளாட், நாலாம் மாடி.
ஹலோ சொல்வதற்குள் கேட்டார்:
"வடக்கு மூலையா?"

ஆமாம்.

"பைப்ப ஒண்ணும் செய்யாண்டாம் பிள்ளே,
அது நான் கெட்டுனது, போவாது.
சன்ஷேடுக்க மேல எங்கயோ ஒரு வெடிப்பு உண்டு.
பதினெட்டு வருசம் தேடுனேன், கிட்டல்ல.
பச்ச வாளி அங்கதான கெடக்கு?
அத வச்சாப் போரும்."

கிடந்தது.
அதில்தான் காலையில் நான் சிமெண்ட் குழைத்திருந்தேன்.

இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு அவர்,
"இங்க ஒண்ணும் ஒழுகாது" என்றார்.
குறை சொல்வதுபோல் இருந்தது.

சஜீவனுக்கு எண்ணூறு.
சுவர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது,
கொத்தனுடைய நாளை வரும்வரைக்கும்.
வாளியை உளியால் கொத்தி, கழுவி, மூலையில் வைத்தேன்.
நிறைய நாலு மணிநேரம் ஆகும் என்று கணக்கு.
இரண்டு மணிக்கு அலாரம்.

அடித்ததும் எழுந்து
தளும்பும் வாளியைத் தூக்கிக்கொண்டு
இருட்டில் குளிமுறி வரை போனேன்.
கை தானாகவே
சுவிட்சை மேலே தட்டியது.
எரிந்தது.