நாற்பது பெட்டிகள்

மான்சாவில் முக்வா மரம் இழைக்க
என்னை விட்டால் இன்னொரு தச்சன் உண்டு,
ஆனால் அவன் குடிப்பான்.
அதனால் வேலை எனக்கு வந்தது.

லஞ்சம் பற்றிய புகார்ப் பெட்டி.
ஒன்றரை அடி உயரம், நெற்றியில் ஒரு வாய்.
கடிதம் நுழைய வேண்டும், கை நுழையக் கூடாது.
"கை நுழையக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்
கொள்முதல் அதிகாரி கத்தோங்கோ.
சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.
நானும்.

பதினொன்று செய்தேன்.
வெளிப்பக்கம் மூன்று முறை இழைத்து, மெழுகு தேய்த்து,
மழை உள்ளே இறங்காதபடி வாய்க்கு மேல்
சின்னதாக ஒரு கூரை வைத்து.
உள்பக்கம் இழைக்கவில்லை.
உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?

பணம் வாங்கப் போனபோது
ரசீதில் நாற்பது என்று இருந்தது.
பேனாவின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.
அக்டோபர் வெயில், ஓடாத ஃபேன்,
பலகைக் கடையில் இரண்டு மாதக் கடன்.
மேசைமேல் பேசிய கூலி முழுதாக,
அதன்மேல் ஒரு நோட்டுக் கூடுதலாக.

கையெழுத்துப் போட்டேன்.
கடைசி எழுத்தை மட்டும் கொஞ்சம் கோணலாக,
பின்னால் ஒருநாள் "அது நானில்லை" என்று சொல்ல ஆகும் என்று.
என் கையெழுத்து எப்போதுமே கோணல்தான் என்பது
தெருவுக்கு வந்த பிறகு நினைவு வந்தது.

ஒன்றை மீன் சந்தையில் மாட்டினார்கள்.
ஒன்றை நிலப்பதிவு அலுவலகத்தில்,
பணம் வாங்குகிறவரின் நாற்காலிக்கு நேர் மேலே.
மீன்காரிகள் தடவிப் பார்த்து
"நல்ல வேலைப்பாடு" என்றார்கள்.
யாரும் எதுவும் போடவில்லை.
"போட்டால் சாவி யாரிடம்?" என்று கேட்டாள்
மருத்துவமனை நர்ஸ் மெமோரி.
எனக்குத் தெரியும், சொல்லவில்லை.
ஒரே பாக்கெட்டில் வந்த பூட்டுகள்,
எந்தச் சாவியும் எல்லாவற்றையும் திறக்கும்.
ஒன்று கத்தோங்கோவிடம்.
ஒன்று என் ஆணி டப்பாவில்.

பெட்டிகளை எண்ண லுசாகாவிலிருந்து குழு வருகிறது என்று
ரேடியோ சொன்னது.
பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார்,
"சாப்பாடு எத்தனை பேருக்காம்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம்.
இல்லாத பூசணிக்காயை எதில் போய் மறைப்பது?

முந்தின இரவு லாரி வந்தது.
விடிவதற்குள் இருபத்தொன்பது.
தக்காளி வந்திறங்கிய பெட்டிப் பலகை,
ஈரம் காயாத பச்சை பெயின்ட்.
சிலவற்றில் பெயின்டுக்கு அடியில்
தோட்டத்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

குழு எண்ணியது. நாற்பது.
குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டது.
கத்தோங்கோ எல்லோருக்கும் பொரித்த மீன் வாங்கினார்.
எனக்கு வால் துண்டு.
தின்றேன். நன்றாகவே இருந்தது.

மழை பிடித்தபின் மெமோரி ஆள் அனுப்பினாள்,
மருத்துவமனைப் பெட்டியின் கதவு உப்பிவிட்டது என்று.
திறந்தேன்.
உள்ளே ஒரு தாள்.
பள்ளி நோட்டில் கிழித்தது, பென்சில் எழுத்து, பெயர் இல்லை:
தச்சர் சிஷிம்பா செய்தது பதினொன்று.
கையெழுத்துப் போட்டது நாற்பதுக்கு.
பதினொன்றுக்கு அடியில் இரண்டு கோடு.

லாரி ஓட்டியவனா, பலகை பிடித்த பையனா?
மெமோரி முதுகைக் காட்டிக்கொண்டு
தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்,
சுத்தமாகிவிட்ட தட்டை.
பக்கத்தில் வெந்நீர் கொதிக்கும் அடுப்பு இருந்தது.
ஒரு தாள் எரிய எவ்வளவு நேரம்.

கதவைச் செதுக்கிப் பொருத்திப் பூட்டி,
வாய் வழியாகவே தாளைத் திருப்பிப் போட்டேன்.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்.
இதை எவரும் திறக்கமாட்டார்கள் என்று
என்னைப் போல நம்புகிறவன் இந்த மாகாணத்தில் இல்லை.

விழுந்த சத்தம் கேட்கவில்லை.
குனிந்து கண்ணை வைத்துப் பார்த்தேன்.
இழைக்காத பலகையின் சிலாம்பில் மாட்டி
பாதியில் நிற்கிறது தாள்,
எழுத்து வெளியே பார்த்தபடி.