தள மட்டம்

மீன் பெயரை வைத்தது நாங்கள்தான்.
கயல்.
மீனுக்கு இமை கிடையாது என்று
அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மணி பதினொன்று நாற்பது.
ஷர்மினி ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று மணி நேரம்.
தேதி எழுதிய பால் பைகளில்
ஒன்றை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தாயிற்று,
ஏப்பம் வாங்கியாயிற்று,
துணி மாற்றியாயிற்று,
மறுபடியும் மாற்றியாயிற்று.
ஸ்பிரிங் வைத்த சாரோங் தொட்டிலில் போட்டால்
கடைக்காரன் சில்லறையில் ஏமாற்றியதுபோல் பார்க்கிறாள்.
எனக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று,
அதுவும் காற்பந்துத் திடலில் கத்துவது.

தோளில் துணி, துணிமேல் இவள்.
கதவைச் சாத்திக்கொண்டு
ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்துக்கு வந்தேன்.
செருப்பு அடுக்குகள், காயாத மாப்,
யாரோ வளர்க்கும் பாண்டான் செடி.
ஈசூன் முழுக்கத் தூங்குவதாக நினைத்தால்
எதிர்ப் புளோக்கில் நாலு சன்னலில் வெளிச்சம்.
ஒன்றில் ஒருத்தி
இப்படியே
இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு.
கை காட்டலாமா என்று தோன்றியது.
இருவருக்கும் கை ஒழியவில்லை.

லிஃப்ட் வந்தது.

பலகையில் மின்தூக்கி என்று எழுதியிருக்கும்.
பகலில் இதன் கூரைமேல் குந்தியிருக்கிறவன் நான்.
எவ்வளவு தேய்த்தாலும்
நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் வீட்டுக்கு வந்துவிடும்.
இதன் முனகல் ஒவ்வொன்றும் எனக்கு அத்துப்படி.
ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கீச்சு:
உருளை தேய்ந்திருக்கிறது,
ஆபத்தில்லை, சத்தம்தான்.
வியாழக்கிழமை மாற்றுவதாகக் குறித்திருந்தேன்.

அந்தக் கீச்சில்தான்
அழுகை நின்றது.

இறங்கினோம். ஏறினோம். இறங்கினோம்.
ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது
இவள் மூச்சு என் கழுத்தில்
ஒரு கணம் நின்று, கேட்டுவிட்டுத் தொடரும்.

மூன்றாம் மாடியில் சாப்பாடு கொண்டுவந்த பையன்,
தலைக்கவசத்தோடு, கையில் சூடான சூப்.
எங்களைப் பார்த்ததும்
அலறவிருந்த கைபேசியைத் தொடையில் வைத்து அமுக்கினான்.
பதினொன்றில் ரொஹாயாவும் அவள் கணவனும்
ஏதோ சண்டையின் நட்டநடுவில்.
சண்டை நிற்கவில்லை,
குசுகுசுப்பாக மாறிற்று,
ஒருவர் காதில் மற்றவர்
ரகசியமாய்த் திட்டிக்கொண்டே வந்தார்கள்.
கீழ்த்தளத்தில் திரு லிம்
உள்ளே ஒரு காலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.
அடுத்ததில் வருகிறேன் என்பதுபோல் தலையசைத்தார்.
இந்த நேரத்துக்கு அடுத்தது என்று ஒன்று
ஓடுவதில்லை என்பது
அவருக்கும் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு கணக்கு உண்டு.
பெட்டி வந்து நிற்கும்போது
அதன் தரையும் மாடியின் தரையும்
விரல் கனம்கூட ஏறி இறங்கக் கூடாது,
யாராவது தடுக்கி விழுவார்கள்.
அத்தனை மாடியையும் விரைந்து கடக்கும் மோட்டார்
கடைசி அரையடிக்கு மட்டும்
யோசித்து யோசித்து இறங்கும்.

மெத்தைக்கு இவளை அப்படி இறக்கினேன்.
குதிகால். இடுப்பு. முதுகு.
எல்லாம் சரி.
என் கை மட்டும்
அவள் பிடரிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.
எடுத்தால் தெரிந்துவிடும்.
எடுக்காவிட்டால் விடிந்துவிடும்.

குனிந்த முதுகோடு, மூச்சுக்கொரு விரலாக.
சுண்டுவிரல் வெளியே வரும் நேரம் பார்த்து
மேல்மாடியில் யாரோ குப்பைக்குழாயில் போட்ட புட்டி
ஒன்பது மாடியும் தடதடத்து உருண்டது.

மீனுக்கு இமை இருந்தது.
மூடியே இருந்தது.

இருட்டில் கைபேசியைத் திறந்து
வியாழனை அடுத்த வியாழனுக்குத் தள்ளினேன்.
தாமதத்துக்குக் காரணம் கேட்டது ஒரு கட்டம்.
உருளை இன்னும் வந்துசேரவில்லை என்று எழுதினேன்.

வந்து நாலு நாளாகிறது.
பால் பைகளுக்குப் பக்கத்தில்
என் வேலைப் பையில்தான் கிடக்கிறது.